அப்பச்சிக்கு ஹார்மோன் ஊசி போடலாமா?

பள்ளத்தூரான்:
அப்பச்சிக்கு 68 வயது. தினமும் விடியலில் ஊருணி வரை நடந்துவிட்டு வருபவர், ஒரு வருடமாக முகப்புத் திண்ணையை விட்டு எழுவதில்லை. எப்போதும் அசதி. ஒரு கிளினிக்கில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறைந்திருக்கிறது, ஊசி போட்டால் சரியாகும் என்கிறார்கள். போடலாம் என்றே நினைக்கிறேன். சர்க்கரைக்கு இன்சுலின் போடுவதில்லையா? குறைந்ததை நிரப்புவதில் என்ன தப்பு?

தேவகோட்டை ஆச்சி:
தம்பி, அவசரப்படாதீர்கள். வயது ஏற ஏற ஆண்களுக்கு அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறையத்தான் செய்யும். காலை நேரத்தில், இரண்டு தனித்தனி நாளில் ரத்தம் எடுத்தார்களா? ஒரு தடவை பார்த்து முடிவு செய்யக் கூடாது. 65 வயதைத் தாண்டிய 790 ஆண்களிடம் அமெரிக்காவில் இந்த மருந்தை ஒரு வருடம் சோதித்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். தாம்பத்திய ஆர்வம் ஓரளவு கூடியது. அசதி விஷயத்தில் சொல்லும்படி பலன் இல்லை. நீங்கள் கேட்பதோ அசதிக்கு!

பள்ளத்தூரான்:
மாரடைப்பு வரும் என்றும் பயமுறுத்தினார்கள், ஆச்சி. 2023இல் வந்த டிராவர்ஸ் என்ற டெஸ்டோஸ்டிரோன் ஆய்வில் 5,000 பேருக்கு மேல் பார்த்தும் மாரடைப்போ பக்கவாதமோ கூடவில்லையே?

தேவகோட்டை ஆச்சி:
அதையே முழுதாகப் படியுங்கள். மருந்து எடுத்தவர்களுக்கு இதயத்துடிப்பு ஒழுங்கு தப்புவதும் நுரையீரலில் ரத்தம் கட்டுவதும் கூடுதலாக இருந்தன. எலும்பு முறிவும் அதிகம். அதுவும் அவர்கள் கொடுத்தது தோலில் தடவும் ஜெல், ஊசி இல்லை. வயதானால் வருவதை ஏற்றுக்கொள்ளவும் வேண்டும்.

வளவு வீட்டு மருமகள்:
அந்தக் கடைசி வரியை மட்டும் என்னால் ஏற்க முடியாது, ஆச்சி. எனக்கு 51. மாதவிடாய் நின்று இரண்டு வருடம். ராத்திரி நாலு தடவை உடம்பெல்லாம் வியர்வையில் நனைந்து எழுந்தேன். "ஆத்தா காலத்தில் யார் மருந்து சாப்பிட்டார்கள்?" என்று வீட்டிலேயே கேட்டார்கள். ஒரு டாக்டர், 2002 அமெரிக்க ஆய்வில் பெண் ஹார்மோன் மருந்தால் மார்பகப் புற்றுநோய் கூடியது என்று சொல்லி மறுத்துவிட்டார். அதில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63! அறுபதுக்குள், மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள் தொடங்கினால் பெரும்பாலோருக்கு ஆபத்தை விடப் பலனே அதிகம் என்று பின்னால் தெளிவாகிவிட்டது. இப்போது ஈஸ்ட்ரோஜன் ஜெல் தடவுகிறேன். கர்ப்பப்பை இருப்பதால் புரோஜெஸ்டிரோன் மாத்திரையும் உண்டு. தூக்கம் திரும்பிவிட்டது. இத்தனை நாள் வீணாகக் கஷ்டப்பட்டேனே என்று இன்னும் ஆறவில்லை.

தேவகோட்டை ஆச்சி:
நீ எடுத்துக்கொள்வது சரிதான் அம்மா, அப்படி நான் சொல்லியிருக்கக் கூடாது. உனக்கு ஒரு தொந்தரவு, அதற்கு வேலை செய்கிற மருந்து. இந்தத் தம்பி அப்பச்சிக்கு ஏன் அசதி என்றே இன்னும் பார்க்கவில்லை. ரத்தசோகை, தைராய்டு, இதயம், மனச்சோர்வு, எதுவாகவும் இருக்கலாம். பிள்ளைகள் எல்லாம் வெளியூரில், அவ்வளவு பெரிய வீட்டில் ஒற்றை ஆளாக இருக்கிறாரா?

பள்ளத்தூரான்:
ஆமாம் ஆச்சி, ஆத்தா போனதிலிருந்து தனியாகத்தான். சரி, ஊருக்கு வந்து எல்லாச் சோதனையும் எடுக்கிறேன். இரண்டு தடவையும் குறைவு என்று வந்தால் மட்டும் ஊசியைப் பற்றி மறுபடி கேட்பேன். அதை நான் இன்னும் விடவில்லை.