மினி டிராக்டர் பின் டயருக்குத் தண்ணீர் ஏற்றிய கதை

பொள்ளாச்சிப் பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு. 24 எச்.பி. மினி டிராக்டர், பின் டயர் 9.5-24. ஓடைப் பக்கத்திலிருந்து தேங்காய் ஏற்றிய ட்ரெய்லரை மேட்டுக்கு இழுக்க வேண்டும். செம்மண் நனைந்துவிட்டால் பின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிக் குழி பறிக்கும்.

பின்னால் பாரம் கூடினால் சக்கரம் மண்ணைப் பிடிக்கும் என்று அப்போதெல்லாம் மட்கார்டில் இரண்டு பேரை உட்கார வைப்போம். ஒருநாள் சக்கரம் திடீரென்று பிடித்து வண்டி எகிறியதில் ஒரு பையன் சறுக்கி ட்ரெய்லருக்கு முன்னால் விழுந்தான். உடனே கிளட்சையும் பிரேக்கையும் மிதித்துவிட்டேன். முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இனி ஆளை ஏற்றுவதில்லை, டயருக்கே தண்ணீர் ஏற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

பஞ்சர் கடைக்காரரைத் தோப்புக்கே வரச் சொன்னேன். ஜாக்கி வைத்துத் தூக்கி, வால்வு உச்சிக்கு வரும்படி சக்கரத்தைத் திருப்பினார். வால்வு பின்னைக் கழற்றிவிட்டு ஹோஸ் மாட்டினோம். நடுநடுவே ஹோஸை எடுத்து உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் ஏறாது. வால்வு வழியே தண்ணீர் வழிந்தால் முக்கால் பங்கு நிறைந்துவிட்டது என்று அர்த்தம், அதோடு நிறுத்திவிட வேண்டும். மேலே உள்ள கால் பங்கில் காற்றுதான் இருக்க வேண்டும், குலுங்கலைத் தாங்குவது அதுதான். டயருக்குச் சுமார் 80 லிட்டர், இரண்டுக்கும் 160 கிலோ. குளிரில் உறைந்துபோகும் நாடுகளில் கால்சியம் குளோரைடு கலக்கிறார்கள். நமக்கு வெறும் தண்ணீர் போதும்.

வழுக்கல் எவ்வளவு குறைந்தது என்று தெரிய டயரில் சாக்பீஸ் கோடு போட்டுச் சக்கரம் சுற்றுவதை எண்ணினேன். கலப்பையைத் தூக்கிக்கொண்டு 10 சுற்றில் போன தூரத்துக்கு, உழும்போது முன்பு 13 சுற்று ஆனது. இப்போது பதினொன்றரைக்குள் முடிகிறது.

ஆனால் அடுத்த வாரம் அதே மேட்டில் முன் சக்கரம் ஒரு சாண் தூக்கியது! பயந்துபோனேன். யோசித்துப் பார்த்தால் காரணம் புரிந்தது. முன்பு சக்கரம் வழுக்கியதால் இழுவை வீணாய்ப் போனது. இப்போது மண்ணைக் கெட்டியாகப் பிடிப்பதால், அந்த விசை வண்டியின் மூக்கைத் தூக்கப் பார்க்கிறது. டயரில் உள்ள தண்ணீர் பின் அச்சைச் சுற்றியே இருப்பதால் மூக்கை அழுத்தாது. மூக்கை அழுத்த, முன்பக்க பம்பரில் இரும்பு வெயிட் மாட்ட வேண்டும். ட்ரெய்லரையும் அச்சுக்குக் கீழே, தாழ்வான கொக்கியில்தான் மாட்ட வேண்டும். தண்ணீர் ஏற்ற நினைப்பவர்கள் தயவுசெய்து இந்த இரண்டையும் முதலில் செய்துவிடுங்கள்.

அப்புறம், ஆனைமலையில் மச்சான் வயலுக்குச் சேற்றுழவுக்குப் போனபோது தண்ணீரை இறக்கிவிட்டேன். சேற்றில் அந்த எடை வண்டியைப் புதைத்துவிடும்.

---

அண்ணா, நானும் ஏற்றியிருக்கிறேன், தேனிப் பக்கம். பஞ்சர் ஆனால்தான் கஷ்டம். தண்ணீரை இறக்காமல் சக்கரத்தைக் கழற்றினோம், சாய்ந்தபோது மூன்று பேர் பிடித்தும் நிற்கவில்லை. நல்லவேளை, யார் காலிலும் விழவில்லை. டயரில் காற்றழுத்தம் எப்படிப் பார்க்கிறீர்கள்? என் கேஜுக்குள் தண்ணீர் போய் முள் நகரவே இல்லை.

---

தம்பி, வால்வை உச்சிக்குக் கொண்டுவந்து வைத்துப் பாருங்கள், அங்கே காற்றுதான் இருக்கும். சக்கரத்தைக் கழற்றுவதாக இருந்தால் வால்வைக் கீழே திருப்பி, முதலில் தண்ணீரை இறக்கிவிடுங்கள். அரை மணி நேரம் கூடுதலாக ஆனாலும் பரவாயில்லை.