4. எச்3: டிங் ஆடியதை ஆடினால் சி4-இல் மாட்டிக்கொள்கிறேன், எங்கே மாற்றுவது?

தெருமுனைச் சிப்பாய் கேட்டது:

வணக்கம். 2023 உலக சாம்பியன்ஷிப்பில், அஸ்தானாவில் நடந்த 2-வது ஆட்டத்தில், டிங் லிரென் நெபோம்னியாச்சிக்கு எதிராக வெள்ளைக்காயில் ஆடிய ஓப்பனிங் (ஆட்டத்தின் தொடக்க நகர்வுகள்) பற்றி உதவி வேண்டும். ஒவ்வொரு எண்ணிலும் முதலில் வெள்ளை, அடுத்து கறுப்பு; காயின் பெயர் இல்லாமல் கட்டம் மட்டும் இருந்தால் சிப்பாய் நகர்வு.

1. டி4 – குதிரை எஃப்6
2. சி4 – இ6
3. குதிரை எஃப்3 – டி5
4. எச்3

இந்த இடத்தில் எல்லோரும் குதிரையை சி3-க்குக் கொண்டுவருவார்கள், அல்லது கேட்டலன் என்ற ஓப்பனிங்கை ஆட ஜி3 தள்ளுவார்கள். உலகப் பட்டத்துக்கான ஆட்டத்தில் ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தியதைப் பார்த்ததும் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. கிளப்பில் வெள்ளை கிடைத்தால் இதைத்தான் ஆடுகிறேன்.

எதிராளி 4-வது நகர்வில் பிஷப்பை இ7-இல் வைத்தால் சுகமாகப் போகிறது. டி5 சிப்பாயால் சி4-ஐ அடித்துவிட்டால்தான் சிக்கல். 5. இ3 சி5 6. பிஷப்பால் சி4-ஐ அடித்தல், ஏ6 7. கேஸ்லிங் (ராஜாவும் யானையும் ஒரே நகர்வில் இடம் மாறுவது), குதிரை சி6 8. குதிரை சி3 பி5 9. பிஷப் டி3, பிஷப் பி7. இதற்குப் பிறகு பி4 தள்ளி என் குதிரையை விரட்டுகிறார்கள், அப்புறம் சி4 தள்ளி பிஷப்பை விரட்டுகிறார்கள். கடைசியில் என் டி4 சிப்பாயைச் சுற்றி எல்லாக் காய்களும் வந்து நிற்கின்றன.

ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் மென்பொருள் ஏறக்குறைய சமம் என்கிறது. ஆனால் அடுத்து என்ன ஆடுவதென்றே தெரியவில்லை. எச்3 எதற்காக? நான் எந்த நகர்வில் விலக வேண்டும்?

ஏழாம் வரிசை:

தம்பி, முதலில் இன்னொரு நகர்வு வரிசையைப் பலகையில் போட்டுப் பாருங்கள். 1. டி4 டி5 2. சி4, கறுப்பு சி4-ஐ அடிக்கிறது 3. குதிரை எஃப்3, குதிரை எஃப்6 4. இ3 இ6 5. பிஷப்பால் சி4-ஐ அடித்தல், சி5 6. கேஸ்லிங், ஏ6. குயின்ஸ் கேம்பிட் ஆக்செப்டடில் (வெள்ளை நீட்டும் சி4 சிப்பாயைக் கறுப்பு அடிக்கும் ஓப்பனிங்) இதைவிடப் பழகிய நிலை கிடையாது. இங்கே வெள்ளை 7-வது நகர்வு ஆட வேண்டும்.

உங்கள் ஆட்டத்தில் வெள்ளையின் 7-வது நகர்வு முடிந்ததும் அதே நிலைதான் இருக்கிறது, கூடவே எச்3. ஆக, ஏ4, பிஷப் பி3, சி5-ஐ அடிப்பது என்று பல நல்ல நகர்வுகள் இருக்கும் இடத்தில் நீங்கள் எச்3 ஆடியதாகத்தான் கணக்கு. இந்த அமைப்பில் கறுப்பு பிஷப் பி7-க்குப் போகிறது, ஜி4 பக்கம் வருவதே இல்லை. வராத ஆளுக்குக் கதவைச் சாத்தி வைத்திருக்கிறீர்கள்.

எச்3 பயன்படும் இடங்கள் வேறு. கறுப்பு பிஷப்பை இ7-இல் வைத்தால் நீங்கள் குதிரை சி3, பிஷப் எஃப்4 என்று போகலாம். குதிரை எச்5-க்கு வந்து பிஷப்பைத் தொட்டால் எச்2-க்குப் பின்வாங்க இடம் தயாராக இருக்கிறது. நீங்கள் டி5-இல் அடித்து கறுப்பு இ6 சிப்பாயால் திருப்பி அடித்தால் சி8 பிஷப்புக்கு வழி திறக்கும். அப்போது ஜி4 கட்டம் அதற்கு இல்லை, எஃப்5-க்கு வந்தால் ஜி4 தள்ளி மிரட்டலாம். டி5 சிப்பாய் அங்கேயே நிற்கும்வரை எச்3-க்கு மதிப்பு உண்டு. சி4-ஐ அடித்ததும் அந்த மதிப்பில் பெரும்பகுதி போய்விடுகிறது. அதனால்தான் நெபோம்னியாச்சி உடனே அடித்தார் என்பது என் எண்ணம்.

கோணல் பலகை:

அந்த ஆட்டத்தில் டிங் 29 நகர்வுகளில் தோற்றார். தோற்ற ஓப்பனிங்கை ஏன் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்? பேசாமல் 4. குதிரை சி3 ஆடுங்கள்.

ஏழாம் வரிசை:

ஓப்பனிங்தான் தோற்கடித்தது என்று சொல்ல முடியாது, நண்பரே. 10-வது நகர்விலிருந்து பாருங்கள். 10. ஏ4 பி4 11. குதிரை இ4, குதிரை ஏ5. இங்கே டிங் எஃப்6 குதிரையை அடித்தார், கறுப்பு ஜி7 சிப்பாயால் திருப்பி அடித்தது. கறுப்பின் சிப்பாய் வரிசை உடைந்தது உண்மை, ஆனால் ஜி வரிசை முழுக்க யானைக்குத் திறந்துவிட்டது. 13. இ4 சி4! 14. பிஷப் சி2, ராணி சி7 15. பிஷப் டி2, யானை ஜி8. அடுத்து ராணிப் பக்கம் கேஸ்லிங்.

எச்3 பாரமாகவே ஆனது இங்கேதான். ஜி2-ஐ யானை குறிவைக்கும்போது ஜி3 தள்ளினால் எச்3 சிப்பாய் ஆதரவில்லாமல் நிற்கும்.

எனக்கு மிகப் பிடித்த இடம் 20-வது நகர்வு. டிங் பிஷப்பை ஜி5-இல் வைத்ததும் நெபோம்னியாச்சி யானையையே கொடுத்து அதை அடித்தார். குதிரை ஜி5-இல் திருப்பி அடித்ததும் கறுப்புக் குதிரை டி4-ஐ அடித்து நடுவில் உட்கார்ந்தது. சில நகர்வுகளில் இ4 சிப்பாயும் விழுந்தது. அப்புறம் கறுப்புச் சிப்பாய்கள் சி3, சி2 என்று இறங்கின. நீங்கள் கேட்ட அதே டி4 சிக்கல்தான், உலகத் தரத்தில் நடந்தது.

ராத்திரி அனலைசிஸ்:

ஒரு விஷயம் சேர்க்கிறேன். அந்தப் போட்டியில் முதல் 40 நகர்வுகளுக்கு 120 நிமிடம், 61-வது நகர்வு வரை நகர்வுக்கு நகர்வு சேரும் கூடுதல் விநாடி கிடையாது. மேல்மட்டத்தில் பழகிய வரிசைகளை இருபது நகர்வு தாண்டி மனப்பாடமாக வைத்திருப்பார்கள். நான்காவது நகர்விலேயே அதிலிருந்து இறக்கிவிட்டால் எதிராளி சொந்தமாக யோசித்தாக வேண்டும், கடிகாரமும் ஓடும். டிங்குக்குத் துணையாக இருந்தவர் ரிச்சர்ட் ரப்போர்ட், வழக்கத்தில் இல்லாத ஓப்பனிங்குகளுக்குப் பெயர் போனவர்.

2-வது ஆட்டத்தில் அடி வாங்கியும் டிங் அந்த வழியை விடவில்லை. 6-வது ஆட்டத்தில் லண்டன் சிஸ்டம், 12-வதில் கோலே பாணி என்று வேறு ஓப்பனிங்குகள், இரண்டிலும் வெள்ளைக்காயில் ஜெயித்தார். ஆட்டங்கள் 7–7 என்று முடிந்து, ரேப்பிட் டைபிரேக்கில் (சமநிலையை உடைக்கும் குறுகிய நேர ஆட்டங்களில்) பட்டம் அவருக்குப் போனது. தைரியமான யோசனை ஒன்று தோற்ற பிறகும் அடுத்ததைக் கொண்டுவந்தாரே, அதற்காகவே எனக்கு அந்தப் போட்டி பிடிக்கும்.

ஐந்து நிமிட ஆன்லைன் ஆட்டத்தில் இந்த லாபம் இல்லை. எச்3-ஐப் பார்த்து யாரும் யோசிக்க நிற்க மாட்டார்கள், கைக்கு வந்ததை ஆடுவார்கள். கிளப்பில் நீண்ட நேர ஆட்டத்துக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள்.

தெருமுனைச் சிப்பாய்:

ரொம்ப நன்றி. நிலையை அப்படி அடையாளம் காண முடியும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. சரி, 7...குதிரை சி6 (மூன்று புள்ளி என்றால் கறுப்பின் நகர்வு) வந்த பிறகு 8-வது நகர்வில் எதை ஆடுவது? இன்னொன்று, 5...பி5 என்று கறுப்பு சி4 சிப்பாயைக் காப்பாற்ற முயன்றால்?

ஏழாம் வரிசை:

இரண்டாவது எளிது. 6. ஏ4 சி6 7. பி5-இல் அடியுங்கள், சி6 சிப்பாயால் திருப்பி அடிப்பார்கள் 8. பி3. சிப்பாய் திரும்ப வந்துவிடும். கறுப்பு பி3-ஐ அடித்தால், பிஷப்பால் பி5-ஐச் செக்கோடு அடித்துவிட்டு, பிறகு ராணியால் பி3-ஐ எடுங்கள்.

8-வது நகர்வுக்கு இரண்டு வழி. ஒன்று, டி4 சிப்பாயால் சி5-ஐ அடிப்பது. கறுப்பு ராணிகளை மாற்றினால் யானையால் டி1-இல் திருப்பி அடியுங்கள், பிஷப் சி5-ஐ எடுக்கும். அமைதியான ஆட்டம், தாக்குவதற்கு உங்கள் டி4 சிப்பாயே இருக்காது. பின் வரிசையில் செக் வந்தால் ராஜாவுக்கு எச்2 இருக்கிறது, எச்3 வீணாகவில்லை.

நான் ஆடுவது 8. ஏ4. உங்களைத் தொல்லைப்படுத்துவதே அந்த பி5 தள்ளல்தான், அதை முளையிலேயே தடுக்கிறது. அவசரப்பட்டு 8...பி5 ஆடினால் 9-இல் ஏ4 சிப்பாயால் அடியுங்கள். ஏ6 சிப்பாயால் திருப்பி அடித்தால் உங்கள் யானை ஏ8 யானையை எடுத்துவிடும். சி8 பிஷப் குறுக்கே நிற்பதால் ராணியால் அதைக் காக்க முடியாது.

தெருமுனைச் சிப்பாய்:

8. ஏ4 ஆடிப் பார்த்தேன். பி5 தொல்லை போய்விட்டது! ஆனால் எதிராளி டி4-இல் அடித்து, நான் இ3 சிப்பாயால் திருப்பி எடுத்ததும், அவர் குதிரை பி4-இல் வந்து உட்கார்ந்துகொண்டது. விரட்ட வழியில்லை.

ஏழாம் வரிசை:

அது ஏ4-க்குக் கொடுக்கும் விலை. அந்தக் கட்டத்தை இனி எந்தச் சிப்பாயும் காக்காது, ஆகவே குதிரையை விரட்டுவதில் நேரம் போக்காதீர்கள். அது டி5-ஐயும் பார்க்கிறது, அங்கேதான் உங்கள் டி4 தனிச் சிப்பாயை (பக்கத்து வரிசைகளில் துணைச் சிப்பாய் இல்லாதது) முன்னேறவிடாமல் நிறுத்தப் பார்ப்பார்கள். குதிரை சி3, ராணி இ2, யானை டி1 என்று வைத்துக்கொண்டு டி5 தள்ளும் நேரத்துக்குக் காத்திருங்கள். கறுப்பு ராஜா இன்னும் நடுவில் இருந்தால் அந்தத் தள்ளல் இரட்டிப்பாக வலிக்கும். கேஸ்லிங் முடித்துவிட்டால் குதிரையை இ5-க்கு ஏற்றி, பிஷப்பை ஜி5-இல் வைத்து எஃப்6 குதிரையை அழுத்துங்கள். டி5-ஐக் காப்பதில் அதற்கும் பங்கு உண்டு. அடுத்த ஆட்டத்தின் நகர்வுகளை முழுதாக இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.