இன்ஃபெர்னோவில் 1500-க்குப் பிந்திய எண்ணோடு இறங்குகிறவர்கள்

பேர்ணிலிருந்து

சுவிட்சர்லாந்தின் மூரென் கிராமத்து இன்ஃபெர்னோ பனிச்சறுக்குப் போட்டி முடிந்ததும் பத்திரிகையில் வருவது முதல் மூன்று பேரின் படம்தான். கால் மணி நேர அளவில் முழு மலையையும் இறங்கி முடிக்கிறவர்கள் அவர்கள். அந்தத் திறமையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அன்றைக்கு அதே மலையில் 1850 பேர் இறங்குகிறார்கள். அதில் பின்வரிசைதான் கடினமான போட்டி என்பது என் கருத்து. அந்த வரிசையில் நின்று இறங்கியவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் இறங்கிய, பார்த்த, வேலை செய்த அனுபவங்களையும் எழுதுங்கள்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1928 ஜனவரியில் கந்தஹார் பனிச்சறுக்குக் கழகத்தைச் சேர்ந்த 17 ஆங்கிலேயர்கள் ஷில்ட்ஹோர்ன் மலை உச்சிக்கு ஸ்கீயோடு (சறுக்குப் பலகைகளோடு) நடந்தே ஏறி, அங்கிருந்து லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்குவரை போட்டி போட்டு இறங்கினார்கள். வென்ற ஹாரல்ட் மிட்செலுக்கு 1 மணி 12 நிமிடம் ஆனது. சீர்செய்த பாதை கிடையாது, கேபிள் காரும் கிடையாது. ஷில்ட்ஹோர்னுக்குக் கேபிள் கார் வந்தது 1967இல்தான். இப்போது 2790 மீட்டர் உயரத்தில் தொடங்கி 800 மீட்டர் அளவில் முடிகிறது. மொத்தம் 14.9 கிலோமீட்டர். கீழே பனி போதாத வருடங்களில் நடுவழியில் வின்ட்டரெக்கிலேயே முடித்துவிடுவார்கள்.

12 விநாடிக்கு ஒருவராக விடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், கடைசி ஆள் கிளம்ப ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. காலையில் இறுகிய பனியில் போனவர் கண்ட பாதை வேறு, மதியத்துக்குப் பிறகு நான் கண்ட பாதை வேறு. ஆயிரக்கணக்கான ஸ்கீகள் ஒரே வளைவில் வெட்டி வெட்டி, அங்கே வாய்க்கால் போல ஒரு பள்ளம் விழுந்திருக்கும். அதன் ஓரத்தில் தளர்ந்த பனி குவிந்து கிடக்கும். வெயில் சாய்ந்த பக்கத்தில் மேடும் பள்ளமும் ஒரே நிறமாகத் தெரியும். பழைய வருடங்களின் நேரத்தை வைத்துத்தான் முன்வரிசை எண் கொடுப்பார்கள் என்பதால், புதியவர்களுக்கும் மெதுவானவர்களுக்கும்தான் இந்தப் பாதை கிடைக்கிறது. திறமை குறைந்தவர்களுக்கு மோசமான பாதை. இதை நினைத்துப் பார்த்தால் பின்வரிசைக்காரர்மேல் தானாகவே மரியாதை வரும்.

மேலே காத்திருப்பது தனிச் சோதனை. மேலுடுப்பைக் கழற்றிப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டால், பிறகு மெல்லிய போட்டி உடுப்பும் காற்றும்தான். எனக்கு முன்னால் எம்மென்டால் பக்கத்தில் பாண் சுடுகிற ஒருவர் நின்றார். பின்னால் ஒரு தபால்காரப் பெண். பாண்காரர் இந்த மலையைப் பல வருடமாக அறிந்தவர். நான் கேட்காமலே சொன்னார்: "கனோனன்ரோருக்குள் எல்லோரும் போன பள்ளத்தில் போகாதே. ஒரு மீட்டர் வெளியே போ. தூரம் கூடும், ஆனால் விழாமல் நிற்பாய்." அவர் போய் 12 விநாடியில் நான்.

கனோனன்ரோர் பாறைகளுக்கு நடுவே ஒடுங்கிய ஒரு பள்ளம். அவர் சொன்னபடியே வெளிப்பக்கம் பிடித்தேன். பள்ளத்தில் போன இருவர் விழுந்து, எழுந்து, கையசைத்துத் தாங்கள் நலம் என்று காட்டியதைக் கடந்து போனேன். பயம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனாலும் அந்த இடத்தில் மனம் அவ்வளவு தெளிவாக இருந்தது.

அப்புறம்தான் பலர் எதிர்பாராத பகுதி. இது இறக்கப் போட்டி என்றாலும் நடுவில் ஏற்றம் உண்டு. தடியை ஊன்றி, ஸ்கீயை அகட்டி அகட்டித் தள்ளி ஏறவேண்டும். முழங்காலை மடக்கிக் குனிந்தே வந்ததில் தொடைத் தசை விடாமல் இறுகியிருக்கும், அந்த இறுக்கத்தில் இரத்த ஓட்டமும் குறைந்திருக்கும். அந்தக் கால்களோடுதான் இந்த ஏற்றம். பிறகு வின்ட்டரெக் பக்கத்துச் சமதளம். இங்கே உங்களை நகர்த்துவது ஸ்கீயின் அடியில் பூசிய மெழுகு ஒன்றுதான். உச்சியில் காய்ந்து குளிர்ந்த பனி, கீழே ஈரப்பனி, இரண்டுக்கும் ஒரே மெழுகு சரிவராது. நான் கீழ்ப்பகுதிக்கு ஏற்ற மெழுகைத்தான் பூசினேன். செங்குத்தான இடத்தில் மலையே இழுத்துக்கொள்ளும், சமதளத்தில் இழுக்க யாரும் இல்லை.

குரூச்சால்ப் என்ற இடத்தைத் தாண்டிக் காட்டுப் பாதை. ஒடுக்கமானது, இருபக்கமும் மரம். தொடை கெஞ்சும், இங்கேதான் கவனம் சிதறும். மாட்டு மணியோடு ஆட்கள் நின்று ஒவ்வொருவருக்கும் குலுக்கினார்கள். முன்னால் ஆயிரம் பேருக்கு மேல் போய்விட்ட பிறகும் கை ஓயவில்லை. முடிவுக் கோட்டில் பாண்காரர் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்று, "வெளியே போனாயா?" என்று முதலில் அதைத்தான் கேட்டார்.

இன்டர்லாக்கனிலிருந்து

தம்பி, நான் இறங்கியவன் இல்லை. தொண்ணூறுகளில் மூரெனில் ஒரு ஹோட்டல் குசினியில் நீண்ட காலம் வேலை செய்தவன். மூரெனுக்குள் வெளியார் கார் வராது. போட்டி வாரத்தில் சின்னக் கிராமம் முழுக்க ஸ்கீயைத் தோளில் சுமந்தவர்கள்தான். வெள்ளிக்கிழமை இரவு பிசாசு உருவம் ஒன்றை ஊர்வலமாகக் கொண்டுவந்து எரிப்பார்கள். அன்று குசினியில் பெரிய பானைகளில் பாஸ்தா கொதித்துக்கொண்டே இருக்கும். எல்லோரும் நேரத்தோடு சாப்பிட்டுப் படுக்கவேண்டும் என்று அவசரப்படுவார்கள்.

வருடந்தோறும் வருகிற ஆங்கிலேயர் ஒருவர், எழுபது வயதைத் தாண்டியவர், ஒருமுறை சாப்பிட்டதும் குசினிக் கதவடிக்கு வந்து நன்றி சொன்னார். எந்த ஊர் என்று கேட்டார். பருத்தித்துறை என்றேன். "அது மெட்ராஸுக்கு எந்தப் பக்கம்?" என்றார். கடலுக்கு இந்தப் பக்கம் என்று சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது. அடுத்த நாள் என் ஓய்வு நேரத்தில் கையோடு கூட்டிப்போய் கிராமத்தில் உள்ள நினைவுக் கல்லைக் காட்டினார். அது ஆர்னல்ட் லன் என்பவருக்கானது. அவர் 1888இல் பிறந்தது மெட்ராஸில். தந்தை மெதடிஸ்ட் மிஷனரியாக அங்கே போயிருந்தவர், பின்னாளில் ஆங்கிலேயரைக் குளிர்காலத்தில் அல்ப்ஸுக்கு அழைத்துவரும் பயணத் தொழில் நடத்தியவர். மகன் லன் 1922இல் இதே மூரெனில் கொடிகளை நட்டு அவற்றுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கும் இன்றைய ஸ்லாலம் போட்டிக்கு வடிவம் கொடுத்தார். 1924இல் கந்தஹார் கழகத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1931இல் அல்பைன் பனிச்சறுக்கின் முதல் உலக வாகையர் போட்டி மூரெனில் நடந்தது. அதற்கும் அவர்தான் முன்னின்றார்.

கழகத்துக்கு ஏன் ஆப்கான் ஊரின் பெயர் என்று கேட்டேன். கந்தஹார் போரில் வென்ற ராபர்ட்ஸ் பிரபு 1911இல் ஒரு பனிச்சறுக்குப் போட்டிக்குக் கிண்ணம் கொடுத்தாராம், அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அதே ராபர்ட்ஸ்தான் 1881 முதல் சில வருடம் மெட்ராஸ் படையின் தலைமைத் தளபதி. எங்கள் பக்கத்துக் கடற்கரைக்கும் இந்த மலைக்கும் இப்படியொரு தொடர்பு இருக்கிறது என்று நான் அதுவரை அறியவில்லை. பேரப்பிள்ளைகளைக் கூட்டிப்போய் அந்தக் கல்லைக் காட்டியிருக்கிறேன்.

சூரிச்சிலிருந்து

பேர்ண் அண்ணா, இரண்டு காலையும் ஒரே பலகையில் கட்டி இறங்குகிற ஸ்னோபோர்ட்காரர்களின் பக்கத்தையும் சேர்க்கவேண்டும். நான் போனது ஆஸ்திரியாவின் சங்க்ட் அன்டோனில் நடக்கும் வைஸ்ஸ ராவ்ஷ் போட்டிக்கு. ஏப்ரலில், பருவம் முடிகிற நேரத்தில் நடக்கும். ஸ்கீ, டெலிமார்க் (குதிகாலைக் கட்டாத ஸ்கீ), ஸ்னோபோர்ட் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புகிறோம். ஆட்கள் 555. மாலை 5 மணிக்கு, 2600 மீட்டருக்கு மேலே வலுகா முகட்டில் வரிசை கட்டி நிற்போம்.

நீங்கள் சொன்ன 12 விநாடி இடைவெளி எவ்வளவு பெரிய கொடை என்று அங்கே நின்றால் தெரியும். போர்டில் நாம் பக்கவாட்டில் நிற்கிறோம், முதுகுப் பக்கம் வருகிறவர் கண்ணில் படமாட்டார். முதல் சரிவில் என்னைச் சுற்றி ஸ்கீ உரசுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. மாலைப் பனி வேறு இளகிக் கஞ்சியாகிவிட்டது.

பாதை 9 கிலோமீட்டர் அளவு. நடுவில் 'வலி' என்றே பெயர் வைத்திருக்கிற ஒரு ஏற்றம் வரும், 150 மீட்டர். போர்டைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். இங்கே எங்களுக்கு ஒரு நன்மை: எங்கள் சப்பாத்து மென்மையானது, ஸ்கீக்காரர்களுடையது கட்டையாக இருக்கும். பலரை அந்த ஏற்றத்தில் முந்தினேன். ஆனால் அடுத்த சமதளத்தில் அவர்களிடம் தடி இருந்தது, என்னிடம் இல்லை. வேகம் செத்து, ஒரு காலைக் கழற்றித் தள்ளிக்கொண்டிருந்தேன். அப்போது என் அம்மா வயதுடைய ஒருவர் பின்னால் வந்து, எதுவும் பேசாமல் தன் தடியின் நுனியை நீட்டினார். பிடித்துக்கொண்டேன். சரிவு தொடங்கும்வரை இழுத்துப்போய் விட்டுவிட்டு, "போ, போ!" என்று கத்தினார். அவர் தன் இடத்தை இழந்து செய்த உதவி அது. முடிவு மைதானத்தில் பனியால் கட்டிய தடைகளை ஏறிக் கடக்கும்போதும் அவரைத்தான் தேடினேன். கூட்டத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. இதைப் படிக்கிற யாருக்காவது அவரைத் தெரிந்தால், அந்தச் சிவப்பு போர்ட் பிள்ளை நன்றி சொன்னாள் என்று சொல்லுங்கள்.

இன்ஃபெர்னோவைச் சின்ன வயதில் பள்ளி ஸ்கீலாகரில் (பனிச்சறுக்கு முகாமில்) இருந்தபோது கேள்விப்பட்டதோடு சரி. இப்போது ஸ்கீயில் அதற்குத் தயாராகிறேன். எப்படிப் பயிற்சி செய்யலாம் அண்ணா?

லியோனிலிருந்து

பிரான்சின் லா கிராவில் டெர்பி த லா மெஜ் என்று ஒன்று நடக்கிறது, 1989இல் தொடங்கியது. ஸ்கீ, போர்ட் இரண்டும் உண்டு. இறக்கம் 2000 மீட்டருக்கு மேல். குறித்த பாதை கிடையாது, எந்த வழியில் இறங்குவது என்பது உங்கள் முடிவு. நான் பார்க்க மட்டும் போனேன். மலையைத் தெரிந்த உள்ளூர்க்காரர்கள் வெளியூர் வேகக்காரர்களைவிட முன்னால் வந்ததைப் பார்க்க நிறைவாக இருந்தது.

தூண் நகரிலிருந்து

இன்ஃபெர்னோவின் அந்தக் காட்டுப் பாதையில் கொடியோடு நின்ற தொண்டர்களில் நானும் ஒருத்தி. பெரிய எண்கள் வருகிற நேரத்தில் எங்களுக்குக் கால் மரத்துப்போயிருக்கும். பாதையோரப் பனியைச் சவலால் இழுத்து நிரப்புவோம், அடுத்த முப்பது பேர் போனதும் பழையபடி பள்ளம். ஒரு வருடம் ஒருவர் வளைவில் விழுந்து தோளைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். நான் மஞ்சள் கொடியை ஆட்டுவதற்குள், பின்னால் வந்தவர் நின்று தன் ஸ்கீயைக் குறுக்கே ஊன்றி அவரை மறைத்து நின்றுவிட்டார். மீட்புக் குழு வரும்வரை நகரவில்லை. நேரம் ஓடிக்கொண்டிருக்கிறதே என்றேன். "வருடம் முழுக்க நேரம் பார்த்துத்தான் வேலை செய்கிறேன்" என்றார். அவர் பஸ் ஓட்டுநர் என்று பிறகு தெரிந்தது.

பேர்ணிலிருந்து

தூண் அக்கா, நீங்கள் நிரப்பிய வளைவு ஒன்றில் நானும் தப்பியிருப்பேன். நன்றி.

சூரிச் தங்கச்சிக்கு: வேகத்துக்குப் பழகுவதைவிடத் தொடைக்குப் பழகுங்கள். சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலியில் இருப்பதுபோல நில்லுங்கள், நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். லிஃப்டில் ஏறி, நடுவில் எங்கும் நிற்காமல் அடிவரை இறங்கிப் பழகுங்கள். மதியத்துக்குப் பிறகு, பாதை கெட்ட நேரத்தில் போங்கள், உங்களுக்குக் கிடைக்கப்போவது அந்தப் பாதைதான். ஏற்றத்துக்குத் தடியால் தள்ளும் தோள்பலமும் வேண்டும். பின்னால் வேகமானவர் குரல் கொடுத்தால் உங்கள் வழியை மாற்றாமல் நேராகப் போங்கள், அவர் சுற்றிப் போவார். பாண்காரர் அடுத்த ஜனவரியிலும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் எண் எங்களுக்குப் பக்கத்தில் விழுந்தால் அறிமுகப்படுத்துகிறேன்.