புதுப்பிப்பு: தம்பிக்கு ஓர் இடம் கேட்டிருந்தேனே

பள்ளி வயதைத் தாண்டிய, அறிவுசார் குறைபாடுள்ள என் தம்பி வீட்டிலேயே முடங்கியிருக்கிறான், தண்டையார்பேட்டைப் பக்கம் எங்கே அனுப்பலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

எங்கள் தெரு கேரம் மன்றத்தில் சேர்த்துக்கொண்டார்கள். பலகையில் பவுடர் தூவுவதும், நடுவில் சிவப்பை வைத்துக் கறுப்பு வெள்ளைக் காய்களைச் சுற்றி அடுக்குவதும் அவன் பொறுப்பு. ஒரு காய் கோணியிருந்தாலும் ஆட விடமாட்டான். அவசரக்காரர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். இப்போது ஆடவும் இறங்கிவிட்டான். "பாவம், விட்டுக்கொடுங்கள்" என்றாராம் ஒரு பெரியவர். பையன்கள் கேட்கவில்லை. எனக்குப் பிடித்தது அதுதான்.

வங்கிக் கணக்குதான் இழுபறி. பாதுகாவலர் சான்றிதழ் கேட்கிறார்கள். 18 வயது கடந்துவிட்டால் பெற்றோர்கூடத் தானாகச் சட்டப் பாதுகாவலர் ஆகிவிட முடியாது. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு நியமிக்க வேண்டும். அம்மா பெயரில் விண்ணப்பித்திருக்கிறோம். அந்த அறக்கட்டளையின் நிராமயா திட்டத்தில் 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடும் உண்டு, தகுதியுள்ளவர்கள் விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது வேலை. காசிமேட்டில் வலை பழுதுபார்ப்பவர் ஒருவர் அழைத்து வரச் சொன்னார். கூலி எவ்வளவு என்று தம்பியே கேட்டுவிட்டான், பேச்சு நடக்கிறது.