புதுப்பிப்பு: அம்மாவின் இன்சுலின் டெல்லி வந்து சேர்ந்தது

மே மாத வெயிலில் சென்னையிலிருந்து டெல்லிக்கு ரயிலில் அம்மாவின் இன்சுலினை எப்படிக் கொண்டுபோவது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஐஸ் மேல் நேராக வைக்காதே என்றவர்கள் சொன்னதுதான் சரி. ஒருமுறை உறைந்த இன்சுலினை உருகிய பிறகும் போடக்கூடாது. சூட்டைவிட எனக்கு அந்தப் பயம்தான். பிரிக்காத இன்சுலின் பேனாக்களை (மருந்து நிரப்பிய, பேனா வடிவ ஊசிகள்) துண்டில் சுற்றி, குளிர்ந்த ஜெல் பேக் தொடாதபடி அகலவாய் ஃபிளாஸ்க்கில் வைத்தேன். உள்ளே சின்னத் தெர்மாமீட்டர். முதல் இரவு 6 டிகிரி, மறுநாள் மதியம் 14. பதறவில்லை. அம்மா போடும் கிளார்ஜின் வகை இன்சுலின் 30 டிகிரிக்குள் 28 நாள் தாங்கும். அன்றிலிருந்து 28 நாள் எண்ணி, முடியும் தேதியை எழுதி ஒட்டிவிட்டேன்.

அப்புறம், பயன்பாட்டிலிருந்த பேனா அம்மாவின் கைப்பையிலேயே இருந்தது, ஜன்னல் வெயில் படாமல். இன்று காலைச் சர்க்கரை வழக்கம்போலத்தான்.