மலேசியா, சுங்கை சிப்புட் வீடியோ கேம் கடை: மனசை விட்டுப் போகாத நாள் எது?

கித்தாக்காட்டான்:
1992, சம்பளச் சனிக்கிழமை. சாமான் வாங்கியதில் மிஞ்சிய 20 காசு கையில். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 சண்டை ஆட்டத்தில் நமக்கு ஒரே ஆள்தானே, இந்திய யோகி தல்சிம். கை நீட்டி அடிக்கத் தெரியும், நெருப்பு மட்டும் வரவே வராது. பின்னால் நின்ற சீனப் பையன் பொறுக்க முடியாமல் என் கைமேல் தன் கையை வைத்தான். குச்சியைக் கீழே, சரிவு, முன்னே, அப்புறம் குத்து பட்டன். "பெலான், பெலான்" என்றான், மலாயில் மெதுவா, மெதுவா என்று. மூன்றாவது தடவை "யோகா ஃபயர்!" பெட்டியோடு சேர்ந்து அவனும் கத்தினான். என் கையெல்லாம் ரப்பர் ஒட்டுப்பால் வாடை, அவன் முகம் சுளிக்கவில்லை. பேர்கூடக் கேட்காமல் பஸ் ஏறிவிட்டேன். இன்றுவரை உறுத்துகிறது.

மண்டோர் மகன்:
நெருப்புக்கு அவ்வளவு பாடா? நான் ஆடிய கடையில் இருந்தது 'ரெயின்போ' போர்டு, அதே ஆட்டத்தை மாற்றி எழுதிய திருட்டு சர்க்யூட் போர்டு. ஆகாயத்திலிருந்தே நெருப்பு விடலாம், அது ஆளைத் தேடிப் போகும். ஸ்டார்ட் பட்டனை அமுக்கினால் நடுச்சண்டையில் ஆளே மாறும். அதில் அண்ணனிடம் தோற்று ரெண்டு நாள் பேசாமல் இருந்தேன். அதெல்லாம் ஆட்டமே இல்லை. உங்கள் கடையிலும் அதுதான் இருந்திருக்கும், நல்லா யோசிச்சுப் பாருங்க.

லயத்துப் பொண்ணு:
சண்டை ஆட்டத்தை விட்டால் வேறே பேச்சில்லையா? பேய்களிடம் தப்பித்துப் புள்ளி தின்னும் பேக்-மேன் 1980-ல் வந்தது. பெண்களும் கடைக்குள் வரணும் என்றுதான் ஜப்பான்காரர் இவாதானி அதைச் செய்தார். எனக்கு வாசல்படிதான், உள்ளே போனால் வீட்டில் அடி. படியில் நின்று பார்த்தே கண்டுபிடித்தேன்: சிவப்புப் பேய் நேராகத் துரத்தும், இளஞ்சிவப்பு முன்னால் போய் மறிக்கும். நாம் அதே வழியில் போனால் அவையும் அதே இடத்தில்தான் திரும்பும். வழியை நோட்டில் எழுதினேன். ஒருநாள் தம்பி குச்சியைப் பிடிக்க, நான் படியிலிருந்து "மேலே, இடது, கீழே" என்று வாசித்தேன். ஒரு உயிரும் போகாமல் முதல் கட்டம் முடிந்தது. கடையிலிருந்த பையன்கள் அத்தனை பேரும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பட்டறை அண்ணன்:
நான் ஆடியது ரெண்டு தடவை, ரெண்டு தடவையும் கரண்ட் போனது. ஆனால் இதைப் படித்து யாரும் பழைய பெட்டி வாங்கக் கிளம்பினால் ஒன்று சொல்கிறேன். சுவிட்சை அணைத்தாலும் பிக்சர் டியூப்பில் கரண்ட் தங்கும், ஆயிரக்கணக்கான வோல்ட். விவரம் தெரிந்தவரை வைத்து அதை இறக்கிவிட்டுத்தான் கை வைக்கணும். 1993-லிருந்து வந்த கேப்காம் கம்பெனியின் சிபிஎஸ்-2 போர்டு என்றால் உள்ளே இருக்கும் பேட்டரியை முதலில் விசாரியுங்கள். அது செத்தால் ஆட்டத்தைத் திறக்கும் ரகசியக் குறியீடு அழிந்துபோகும், ஆட்டம் ஓடாது. வெளிப்பெட்டியின் பளபளப்பைப் பார்த்துக் காசு கொடுக்காதீர்கள். பலகையின் அடியில் கரையான் இருக்கா என்றும் தட்டிப் பாருங்கள்.

கித்தாக்காட்டான்:
மண்டோர் மகன் அண்ணே, எங்கள் பெட்டியில் ஆகாய நெருப்பு கிடையாது. தரையில் நின்றுதான் விட்டேன், அதுவும் அவன் கையால். அந்தச் சீனப் பையனுக்கு இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு இருக்கும். டவுன்காரப் பையன்தான். யாருக்காவது ஞாபகம் இருக்கா?