மூணாறு பழைய கல்லறை: சர்ச் 1910, முதல் கல்லறை 1894. எப்படி? உதவி தேவை

குண்டளைப் பேரன்:
வணக்கம். மூணாறு சிஎஸ்ஐ சர்ச்சுக்குப் பின்னால் மேட்டில் இருக்கிற பழைய கல்லறைத் தோட்டம் பற்றித் தெரிந்தவர்கள் உதவுங்கள். என் தாத்தாவின் அப்பா கங்காணியோடு (தோட்டத்துக்கு ஆள் சேர்த்து வந்தவர்) போடி வழியாக மலையேறி வந்தவர், நாங்கள் தலைமுறை தலைமுறையாக லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) வாழ்ந்தவர்கள், அதனால் இந்த மலைக்கு முதலில் யார் வந்தார்கள், யாரை எங்கே புதைத்தார்கள் என்று பிள்ளைகளுக்காக ஒழுங்காக எழுதி வைக்க ஆசை. காலமான என் சித்தப்பாவின் நோட்டில் "எலினர் இசபெல், மே, 1894, முன்ரோ துரை சம்சாரம், முதல் கல்லறை" என்று இருக்கிறது. ஆனால் சர்ச் கட்ட ஆரம்பித்ததே 1910இல் என்கிறார்கள். சர்ச்சே இல்லாமல் கல்லறை எப்படி வந்தது? அந்த அம்மா இறந்தது டிசம்பரில் என்று வேறொருவர் சொல்கிறார். எது சரி?

இன்னொன்று. சில கற்களில் பாசி ஏறி எழுத்தே தெரியவில்லை. ஆசிட் ஊற்றித் தேய்த்தால் பளிச்சென்று தெரியும் என்கிறார்கள். செய்யலாமா?

பழைய ஏடு:
தம்பி, முதலில் ஆசிட் பாட்டிலைக் கீழே வையுங்கள், மற்றதை நிதானமாகப் பேசலாம்.

வருடம் சரி. மாதமும் குடும்பமும்தான் குழம்பியிருக்கிறது. அவர் பெயரே எலினர் இசபெல் மே. அந்த "மே" பெயரின் பகுதி, மாதம் இல்லை. சித்தப்பா நடுவில் ஒரு காற்புள்ளி போட்டதில் மாதமாகிவிட்டது. இறந்தது 1894 டிசம்பர் 23, கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, காலராவில். கணவர் முன்ரோ இல்லை, ஹென்றி மான்ஸ்ஃபீல்ட் நைட், கண்ணன் தேவன் மலையின் முதல் ஜெனரல் மேனேஜர். ஜான் டேனியல் முன்ரோ அதற்கு முந்தைய ஆள். 1877இல் பூஞ்சார் ராஜாவிடம் இந்த மலையைக் குத்தகைக்கு வாங்கியவர். பிறகு டர்னர் சகோதரர்கள் சேர்ந்தார்கள், 1879இல் தோட்டம் போட ஒரு சங்கம் அமைத்தார்கள். இளையவரை எல்லோரும் "தம்பி டர்னர்" என்றே சொல்வார்களாம். பழைய துரை என்றாலே முன்ரோ என்று சொல்லிவிடுவது இங்கே வழக்கம், அதில் நைட் குடும்பம் மறைந்துபோகிறது.

சர்ச் விஷயத்தில் கணக்கு இடிக்கவே இல்லை. மேட்டில் முதலில் வந்தது கல்லறைதான். 1900 ஈஸ்டர் அன்று அந்த நிலத்தைப் பிரதிஷ்டை செய்தார்கள், 1910இல் அடிக்கல், 1911 ஈஸ்டருக்குக் கோவில் திறப்பு. அதனால்தான் அங்கே ஞானஸ்நானப் பதிவேட்டுக்கு முன்பே அடக்கப் பதிவேடு தொடங்கிவிட்டது. அந்த மேட்டைப் பார்த்து "நான் செத்தால் இங்கேயே புதையுங்கள்" என்று அந்த அம்மா சொன்னதாக ஒரு கதை உண்டு. எழுதும்போது "சொல்லப்படுகிறது" என்று சேர்த்தே எழுதுங்கள்.

போடிமெட்டு:
சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 1894இல் இங்கே ரயிலும் கிடையாது, ரோப்வேயும் கிடையாது. குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் 1902இல்தான் வந்தது, அதையும் 1924 வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. மலைமேல் டாப் ஸ்டேஷனிலிருந்து அடிவாரத்துக் கொட்டகுடிக்குத் தேயிலை இறங்கிய கம்பிவடமும் பிற்காலத்துச் சமாச்சாரம். அன்றைக்குப் போடிப் பக்கத்திலிருந்து குரங்கணி ஏறி நடந்து வந்தவர்கள்தான் பலரும். காலராவில் போன உடலைக் கீழே கொண்டுபோவது நடக்கிற காரியமா? துரைசாணியானாலும் மலையிலேயே அடக்கம்தான்.

எழுத்து படிக்க ஒரு வழி சொல்கிறேன். சாயங்காலம் வெயில் சரிந்ததும் போங்கள். கல்லுக்கு நேராக நிற்காமல் ஓரத்தில் நின்று, டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். வெட்டின பள்ளத்தில் நிழல் விழும், காலையில் வெறும் பாசியாகத் தெரிந்த இடத்தில் முழு வரி எழுந்து வரும். ஒரே கல்லை இடது, வலது, மேல், கீழ் என்று வெளிச்சத்தை மாற்றி மாற்றிப் படம் எடுங்கள். சில பழைய கற்களில் ஈய எழுத்துப் பதித்திருப்பார்கள், ஈயம் உதிர்ந்துபோயிருந்தாலும் சிறு சிறு துளைகள் மிஞ்சும், துளைகள் இருக்கிற வரிசையை வைத்தே எழுத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

கழுவியே ஆகவேண்டும் என்றால் சபை ஆயரிடம் அனுமதி வாங்கிவிட்டு, வெறும் தண்ணீர், மெல்லிய நார்ப் பிரஷ், அவ்வளவுதான். கம்பி பிரஷ், பிளீச்சிங் பவுடர், எழுத்தில் சாக்பீஸ் தேய்ப்பது, எதுவும் வேண்டாம். கல் பொரிந்து உதிர்கிறதென்றால் தண்ணீர்கூட வேண்டாம். மழைக்காலத்தில் போனால் அட்டை விடாது, உப்பு கொண்டுபோங்கள், ஆனால் அதைக் கல்மேல் சிந்தாதீர்கள்.

குண்டளைப் பேரன்:
ரொம்ப நன்றி சார், நன்றி அக்கா. நைட் குடும்பத்தைப் பற்றி மேலும் தேட எங்கே போவது? எங்கள் ஆட்கள் அந்தப் பதிவேட்டில் இருப்பார்களா?

பழைய ஏடு:
நைட் குடும்பத்துக்கு லண்டன் பிரிட்டிஷ் நூலகம். இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் மதராஸ் மாகாணத்து ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகள் "என்/2" என்ற தொகுப்பு. மூணாறு அன்று திருவிதாங்கூர் சமஸ்தானம், அதனால் அதை மட்டும் பார்த்துவிட்டு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். "ஃபிபிஸ்" என்ற, பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கான வரலாற்றுச் சங்கத்தின் தளத்தில் பெயரைப் போட்டு இலவசமாகத் தேடலாம். தெற்காசியக் கல்லறைகளுக்கென்றே 1976இல் தொடங்கிய "பாக்சா" சங்கமும் இருக்கிறது, கல்வெட்டு விவரங்களைச் சேர்த்து வைப்பதே அவர்கள் வேலை.

உங்கள் ஆட்கள் அந்தச் சபையில் ஞானஸ்நானம் பெற்றவர்களாக இருந்தால் தேடிப் பார்க்கலாம். இல்லையென்றால் எஸ்டேட் செக்ரோலில்தான் (தொழிலாளர் வருகைப் பதிவேடு) பெயர் கிடைக்க வாய்ப்பு. ஒரு மாதத்திலிருந்து பெயர் நின்றுபோனால் ஊர் திரும்பினாரா, வேறு எஸ்டேட் போனாரா, இறந்தாரா என்று செக்ரோல் சொல்லாது, அதை வீட்டுப் பெரியவர்கள்தான் சொல்லவேண்டும்.

போடிமெட்டு:
தம்பி, இதைத்தான் முதலில் செய்யவேண்டும் என்பேன். நைட் அம்மாவின் கல் இன்னும் பல வருஷம் நிற்கும். காட்டை வெட்டித் தேயிலை நட்ட நம் ஜனங்களுக்குக் கல்லே கிடையாது, எங்கள் எஸ்டேட் டிவிஷனில் மண்மேடும் ஒரு செடியும்தான் அடையாளம், அதுவும் இப்போது புதர். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போய் "இது யாருடையது" என்று கேட்டு, அந்த இடத்திலேயே நின்று போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். இடத்தின் மேப் குறியையும் கூடவே எடுத்துவிடுங்கள்.

குண்டளைப் பேரன்:
சரி அக்கா. பெரியத்தை இருக்கிறார்கள், நடக்கத்தான் கஷ்டம், ஜீப் வைத்துக் கூட்டிப்போகிறேன். பதிவேடு பார்க்க ஆயருக்குக் கடிதமும் எழுதுகிறேன். குண்டளை, எல்லப்பட்டி பக்கம் பழைய சுடுகாடு, இடுகாடு எங்கே இருந்தது என்று தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் இங்கேயே எழுதுங்கள், அத்தையிடம் படித்துக் காட்டிக் கேட்கிறேன்.